கால் இழந்த வீரர்களுக்கு மலை என்ன தருகிறது?

2023-ஆம் ஆண்டு மே 19. பிற்பகல் 3 மணியளவில் எவரெஸ்ட் உச்சியில் ஒருவர் நின்றார். அவர் பெயர் ஹரி புதா மகர். பிரிட்டிஷ் இராணுவத்தின் கூர்க்கா படையில் பணியாற்றிய நேபாளத்தவர். இரண்டு கால்களும் முழங்காலுக்கு மேலேயே இல்லாதவர். அந்த நிலையில் உள்ள ஒருவர் உலகின் மிக உயர்ந்த சிகரத்தை அடைந்தது அதுவே முதல் முறை.

அதே வாரம், அதே மலை. நம் நாட்டைச் சேர்ந்த முகமது ஹவாரி ஹாசிம் மே 18-இல் உச்சியை அடைந்தார். காது கேளாத, வாய் பேச முடியாத வீரர் அவர். இறங்கும் வழியில் காணாமல் போனார். அவருடைய பயணக் குழுவைச் சேர்ந்த இன்னொரு மலேசியரும் அந்த மலையிலேயே உயிரிழந்தார்.

இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துப் படித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒன்றைப் படித்ததும் எழுந்த மகிழ்ச்சி, மற்றொன்றைப் படித்ததும் வாயடைத்துப் போனது. காயமடைந்த முன்னாள் படைவீரர்கள் மலையேறுவதையும் கடலில் துடுப்புப் போடுவதையும் பாராட்டி எழுதும்போதெல்லாம் இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாகவே வைத்துப் பார்க்க வேண்டும் என்று அன்றிலிருந்து நினைத்து வருகிறேன்.

ஹரியின் கதை நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. சுங்கை பட்டாணியில் ஒரு காலத்தில் கூர்க்கா படையின் பயிற்சி முகாம் இருந்தது வடக்கில் உள்ள மூத்த தலைமுறைக்குத் தெரியும். அவசர கால ஆண்டுகளில் நம் காடுகளில் அவர்கள் போரிட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் 1949 முதல் காவல் துறையின் ஓர் அங்கமாகக் கூர்க்கா பிரிவு இயங்குகிறது. எவரெஸ்ட்டும் அப்படித்தான். அதில் கால் பதித்த முதல் மலேசியர்கள் ம.மகேந்திரனும் நா.மோகனதாஸும். 1997 மே 23 அன்று அந்தச் செய்தி வந்தபோது நம் வீடுகளில் எப்படிக் கொண்டாடினார்கள் என்பதை என் பெற்றோர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மலைக்கு முன்னால் மது

ஹரி நேபாளத்தின் ரோல்பா மாவட்டத்தில், மலைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். வெறுங்காலுடன் பள்ளிக்கு நடந்தவர். 19 வயதில் கூர்க்கா படையில் சேர்ந்தார். 2010 ஏப்ரல் 17 அன்று ஆப்கானிஸ்தானில் ரோந்து சென்றபோது கண்ணிவெடியில் இரு கால்களையும் இழந்தார்.

அதற்குப் பிந்திய காலத்தை அவர் பொதுவெளியில் மறைக்காமல் பேசியிருக்கிறார். வலியையும் மன உளைச்சலையும் மறக்கக் குடித்தது, வாழ்க்கை முடிந்துவிட்டது என்று நம்பியது, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றது எல்லாம் அதில் அடக்கம். அவர் வளர்ந்த ஊரில் உடற்குறை என்பது முற்பிறவிப் பாவத்தின் விளைவு, குடும்பத்துக்குச் சுமை என்று பார்க்கப்பட்டது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். இதைப் படிக்கும் நம்மில் யாரும் நேபாளத்துக்காரர்களைப் பார்த்துத் தலையாட்ட வேண்டியதில்லை. "போன ஜென்மத்து வினை" என்ற சொல்லை நம் கல்யாண வீடுகளிலும் கேட்கலாம், மருத்துவமனை வார்டுகளிலும் கேட்கலாம்.

அவரை அங்கிருந்து மெல்ல வெளியே கொண்டுவந்தவற்றில் ஒன்று, விமானத்திலிருந்து குதிக்கும் ஸ்கைடைவிங். பிறகு பனிச்சறுக்கு, கயாக், கோல்ப். பழைய வாழ்க்கையைத் திரும்பப் பெறும் முயற்சியாக இது இருந்திருந்தால் ஒவ்வொரு முறையும் இழந்ததுதான் கண்ணில் பட்டிருக்கும். புதிய ஒன்றைக் கற்கும்போது கால் உள்ளவனும் இல்லாதவனும் ஒரே வகுப்பில் முதல் வரிசை மாணவர்கள்தாம்.

பிறகு மலைகள். 2017-இல் நேபாளத்தின் 6,476 மீட்டர் உயர மேரா சிகரம். பின்னர் ஐரோப்பாவின் மோன் பிளாங், ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ. எவரெஸ்ட்டுக்கான கடைசிப் பயணத்தை அவர் அடிவார முகாமிலிருந்து தொடங்கிய நாள் 2023 ஏப்ரல் 17. கால்களை இழந்து சரியாக 13 ஆண்டுகள்.

சட்டம் குறுக்கே நின்றது

இடையில் ஒரு தடை வந்தது. இந்த விவகாரத்தில் மலையை விட முக்கியமானது இதுதான் என்பது என் கருத்து.

2017 டிசம்பரில் நேபாள அரசாங்கம் மலையேற்ற விதிகளைத் திருத்தியது. இரு கால்களும் இல்லாதவர்கள், பார்வையற்றவர்கள், தனியாக ஏறுபவர்கள் ஆகியோருக்கு அனுமதி இல்லை என்றது. விபத்துகளைக் குறைப்பதற்கு என்று காரணம் சொல்லப்பட்டது. ஆனால், எவரெஸ்ட்டில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இரு கால்களும் இரு கண்களும் உள்ளவர்கள். நெரிசலுக்கும் அனுபவமற்ற பயணிகளுக்கும் சொல்ல வேண்டிய பதிலை மாற்றுத்திறனாளிகளின் தலையில் கட்டிய விதி அது. ஹரியும் மாற்றுத்திறனாளி அமைப்புகளும் எதிர்த்தனர். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2018-இல் நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டு மே மாதம், இரு கால்களையும் இழந்த சீன மலையேறி சியா போயு, 69-ஆம் வயதில் உச்சியை அடைந்தார்.

"உன் நன்மைக்குத்தான் சொல்கிறோம், வீட்டிலேயே இரு" என்பது அன்பின் மொழி. அரசாங்கம் சொன்னாலும் அம்மா சொன்னாலும் அதன் விளைவு ஒன்றுதான். ஆபத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒருவருக்கு மட்டும் இல்லை என்றால், அவர் பெரியவராக மதிக்கப்படவில்லை என்று பொருள். போர்முனைக்குப் போ என்று அனுப்பிய பிறகு, மலைக்குப் போகாதே, ஆபத்து என்று ஒரு வீரரிடம் சொல்வதில் உள்ள முரணைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இங்கே முகமது ஹவாரியை மறந்துவிட்டு வாதாட முடியாது. உரிமை என்றால் விலையும் உண்டு. அவர் காது கேளாதவர் என்பதால்தான் தொலைந்தார் என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் இல்லை. காது கேட்டவர்களும் அந்தப் பருவத்தில் அங்கே இறந்தார்கள். தடை தீர்வல்ல. ஆனால் ஏற்பாடுகளில் எது போதாமல் இருந்தது என்ற கேள்வியைக் கடைசி வரை கேட்க வேண்டும். பாராட்டு விழாக்களில் அந்தக் கேள்வி எழுவதில்லை.

வெட்டவெளி ஏன்?

காயமடைந்த வீரர்களை விளையாட்டின் வழியே மீட்பது பழைய யோசனை. 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் 16 பேரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக்கின் விதை அதுதான். அமெரிக்காவில் வியட்நாம் போரில் கால் இழந்தவர்கள் 1960-களில் பனிச்சறுக்குச் சங்கம் அமைத்தார்கள். 2011-இல் ஆப்கானிஸ்தானில் காயமடைந்த நான்கு பிரிட்டிஷ் வீரர்கள் வட துருவத்துக்கு நடந்தார்கள். அவர்களில் ஒரு கையை இழந்திருந்த யாகோ வான் காஸ், பிறகு பாராலிம்பிக் சைக்கிளோட்டத்தில் தங்கம் வென்றார்.

விளையாட்டு அரங்கம் ஒன்று, காடும் மலையும் வேறொன்று. படைவீரரின் தொழிலே வெட்டவெளியில்தான். சுமை தூக்குவது, வரைபடம் பார்ப்பது, மழையில் தூங்குவது, பக்கத்தில் இருப்பவனின் உயிருக்குப் பொறுப்பேற்பது எல்லாம் அவர் உடம்பில் ஊறியவை. மருத்துவமனையில் இந்தத் திறமைகள் எதற்கும் வேலையில்லை. அங்கே அவர் பிறர் கழுவிவிடும், பிறர் தூக்கி வைக்கும் ஆள். கயிற்றில் ஐந்து பேரோடு கட்டப்பட்டு மலையில் நிற்கும்போது நிலைமை மாறுகிறது. அவர் தடுமாறினால் மற்றவர்களும் தடுமாறுவார்கள். யாரோ ஒருவர் தன்னை நம்பியிருக்கிறார் என்ற உணர்வு மாத்திரையில் வராது.

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இங்கே புறநானூறு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. மார்பில் பட்ட காயத்துக்கு 'விழுப்புண்' என்று பெயரே வைத்த மொழி நம்முடையது. அரிசில்கிழாரின் பாடல் ஒன்றில், காயமடைந்து கிடக்கும் வீரனுக்காக வீட்டில் வேப்பிலை செருகுகிறார்கள், யாழ் இசைக்கிறார்கள், வெண்கடுகு தூவுகிறார்கள், நறும்புகை எழுப்புகிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள். புண்ணுக்கு மருந்து மட்டும் போதாது, சூழலும் வேண்டும் என்று அன்றே தெரிந்திருக்கிறது. ஆனால், அந்த வீரன் பிழைத்து எழுந்து, காலில்லாமல் இன்னும் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தால் என்ன செய்வது? இறந்தவனுக்கு நடுகல் உண்டு. ஊனத்தோடு வாழ்ந்தவனைப் பற்றி நம் பாடல்கள் அதிகம் பேசுவதில்லை. பல்கலைக்கழகத்தில் படித்தபோது எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆதாரம் எவ்வளவு?

இயற்கைவெளிப் பயணம் மனத்தைக் குணப்படுத்துகிறது என்று விளம்பரம் செய்வது எளிது. ஆய்வுகள் அதைவிடக் கவனமாகப் பேசுகின்றன. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று 98 முன்னாள் படைவீரர்களைப் பின்தொடர்ந்தது. அவர்கள் சில நாள் முதல் ஒரு வாரம் வரை குழுவாக வெட்டவெளிப் பயணம் சென்றவர்கள். திரும்பி வந்த ஒரு வாரத்தில் மனநலமும் பிறரோடு பழகும் இயல்பும் மேம்பட்டிருந்தன. தொடக்கத்தில் கடுமையான சிக்கல்களோடு இருந்தவர்களே அதிகம் பயனடைந்தனர். ஒரு மாதம் கழித்தும் பலன் ஓரளவு நீடித்தது.

ஒரு மாதம். இந்தச் சொல்லைத்தான் நான் அடிக்கோடிடுவேன். அதற்குப் பிறகு என்ன ஆகிறது? மலையிலிருந்து இறங்கியவர் அதே அறைக்கு, அதே வாடகைப் பாக்கிக்கு, அதே மௌனத்துக்குத் திரும்பினால் சிகரத்தின் பலன் எத்தனை நாள் தாங்கும்? இப்படிப்பட்ட பயணங்களுக்குப் பெயர் கொடுப்பவர்கள் ஏற்கெனவே எழுந்து நிற்க விரும்புகிறவர்கள் என்பதும் உண்மை. கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பவர் விண்ணப்பப் பாரம் நிரப்புவதில்லை.

ஒற்றைப் பெரும் பயணத்தை விட, தொடரும் சிறு பயணங்களே பயனுள்ளவை என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். அமெரிக்காவில் 2005-இல் வால்ட்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் ஒருவர் காயமடைந்த வீரர்களுக்குத் தூண்டில் வீசக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அது இன்று நாடு முழுவதும் பரவிய அமைப்பு. மீன் பிடிப்பதை யாரும் முதல் பக்கச் செய்தியாகப் போடமாட்டார்கள். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் போகலாம்.

இந்தியாவிலிருந்து வந்த ஓர் எடுத்துக்காட்டு எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது. இந்திய இராணுவத்தின் சிறப்புப் படைகளில் இருந்த முன்னாள் வீரர்கள் 'கிளா' என்ற அமைப்பின் வழியே மாற்றுத்திறனாளிகளுக்கு மலையேற்றமும் கடலடி நீச்சலும் கற்றுத் தருகிறார்கள். 2021 செப்டம்பரில், அவர்கள் பயிற்றுவித்த எட்டு மாற்றுத்திறனாளிகள் சியாச்சின் பனிமலையில் 15,632 அடி உயரத்தில் உள்ள குமார் முகாமை எட்டினார்கள். இங்கே முன்னாள் வீரர் உதவி பெறுபவர் அல்லர், கற்றுக்கொடுப்பவர். தானே ஒரு மலையை ஏறி முடித்தவருக்கு அடுத்த நாள் என்ன வேலை என்ற கேள்வி வரும். இன்னொருவரை ஏற்றிவிடக் கற்றவருக்கு அந்தக் கேள்வி வராது.

நம் நாட்டில்

மலேசியாவில் போரில் காயமடைந்தவர்கள் யார் என்று கேட்கும் இளையோர் உண்டு. 1968 முதல் 1989 வரை நீடித்த இரண்டாம் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை நம் தலைமுறை பாடநூலில் ஒரு பத்தியாகப் படித்தது. பேராக்கின் வடக்கு எல்லையில், கெடாவில், சரவாக்கில் 'ஜெராங்காப் சமார்' எனப்படும் மறைகண்ணிகளில் கால் வைத்தவர்கள் பலர். அவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். 1993-இல் மொகாடிஷுவில் அமெரிக்கப் படையினரை மீட்கச் சென்ற மலேசிய வீரர்களில் ஒருவர் இறந்தார், மற்றும் சிலர் காயமடைந்தனர். 2024 நவம்பரில் லெபனானில் அமைதிப்படையில் இருந்த நம் வீரர்கள் சிலர் காயமடைந்த செய்தி வந்தது.

முன்னாள் படைவீரர் விவகாரத் துறை இருக்கிறது. சுங்கை பூலோவில் உள்ள பெர்ஹெபாட் ஓய்வு பெறுபவர்களுக்குத் தொழிற்பயிற்சி தருகிறது. ஜூலை 31 வீரர்கள் தினத்தில் மலர்வளையம் வைக்கிறோம். ஓய்வூதியத்துக்கு 21 ஆண்டுச் சேவை வேண்டும் என்பதால் அதற்கு முன் வெளியேறியவர்களின் மனக்குறையும் பல காலமாகப் பேசப்படுகிறது. பணமும் மருத்துவமும் முதலில் வர வேண்டியவைதாம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வயிறு காயும்போது மலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. 1950-களிலிருந்து லுமுட்டில் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி இயங்குகிறது. அந்தப் பள்ளியின் தோற்றமே போரில் இருந்துதான். இரண்டாம் உலகப் போரில் கப்பல் மூழ்கிய பிறகு, உயிர்காப்புப் படகில் இளம் மாலுமிகள் மூத்தவர்களுக்கு முன்பே மடிந்து போனதைக் கண்டு, மன உறுதியைக் கடலிலும் மலையிலும் பயிற்றுவிக்க 1941-இல் வேல்ஸில் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் அதே அமைப்பு 1980-களிலிருந்து முன்னாள் படைவீரர்களுக்கெனத் தனிப் பயணங்களை நடத்துகிறது. நம்மிடம் கட்டடம் இருக்கிறது, கடல் இருக்கிறது, காடு இருக்கிறது. சிங்கப்பூரில் ஜேசன் சீ என்ற கடற்படை வீரர் 2012-இல் பணியில் நேர்ந்த விபத்தில் இரு கால்களையும் இடக்கையையும் இழந்த பிறகு, மேசைப்பந்து ஆடி, 2017-இல் நம் கோலாலம்பூரில் நடந்த ஆசியான் பாரா விளையாட்டில் தங்கம் வென்றார். எழுந்து நிற்பவர்கள் இந்த வட்டாரத்திலும் இருக்கிறார்கள்.

எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த மாமா ஒருவர் பேராக்கில் இருக்கிறார். காலாட்படையில் இருந்தவர். எழுபதுகளில் கெரிக்குக்கு வடக்கே காட்டில் வலது பாதத்தை இழந்தார். சிறு வயதில் அவரை நான் பார்த்ததெல்லாம் அஞ்சடியில் போட்ட நாற்காலியில்தான். பிள்ளைகள் அன்பானவர்கள். சந்தைக்குப் போக விடமாட்டார்கள், கோயில் படி ஏற விடமாட்டார்கள். நாற்பது ஆண்டுகள் இப்படி அன்பாகவே கழிந்தன.

இந்தக் கட்டுரைக்காக அவரைப் போய்ப் பார்த்தேன். ஹரியின் காணொளியைக் கைப்பேசியில் காட்டினேன். உச்சியில் நிற்கும் காட்சியை அவர் அதிகம் கவனிக்கவில்லை. எப்படி இறங்கினார் என்று கேட்டார். முழங்கால் இல்லாதவர்களுக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் கடினம், சில இடங்களில் உட்கார்ந்து சறுக்கித்தான் வர வேண்டும் என்று நான் படித்ததைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். தன்னைத் தூக்கி வந்த நால்வரும் அந்தச் சரிவில் அப்படித்தான் இறங்கினார்கள் என்றார். அந்த நால்வரைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் மகளும் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார்.

அவர் பாதத்தை இழந்த அந்தக் காட்டுப் பகுதிக்கு அருகில்தான் இன்று ரோயல் பெலும் மாநிலப் பூங்கா இருக்கிறது. தெமெங்கோர் ஏரியில் படகுவீடுகள் மிதக்கின்றன. கோலாலம்பூரிலிருந்து நம் பிள்ளைகள் வார இறுதியில் போய் ரப்லேசியா பூவைப் பார்த்து, படம் எடுத்துப் போடுகிறார்கள். அவர்கள் போகும் நெடுஞ்சாலையும் இராணுவக் காவலில் போடப்பட்டதுதான். மாமா அந்தப் பக்கம் திரும்பப் போனதே இல்லை.

போகலாமா என்று கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. மகள் வேண்டாம் என்பதற்குள், பண்டிங் படகுத்துறையில் படகில் ஏறும் பலகைக்குப் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்குமா என்று விசாரித்துச் சொல்லச் சொன்னார்.